குடிக்காத தண்ணீர்

குழாய் இரைந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறும் காற்றுதான் வரும்; இழுப்புக்காரர் மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், நிற்கும், மறுபடி இழுக்கும். சீனியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் குத்தவைத்தாள். அந்தக் கரிசல் ஊரில் குழாய் என்பது தரைக்கு மேலே இருக்கிற சாமான் இல்லை. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்று வாசலுக்கு வாசல் இடுப்பளவு குழி தோண்டி அதன் அடியில் வைத்திருந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு குழிக்குள் இறங்கிவிடுவார்கள். நடந்து போகிறவர்களுக்குத் தலைகள் மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு வரும் என்றார்கள், ஆறரைக்கு இரைகிறது. ஏழரைக்கு நிற்கும். எட்டு மணிக்குப் பஸ். அந்தப் பஸ்ஸில் அவள் புருஷன் கொம்பையாவும், அவனுடைய அக்கா பூரணமும், பிள்ளை செல்லக்கனியும் மேற்கே ஒரு ஊருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரியவர் மஞ்சள் கிழங்கைத் தீயில் காய்ச்சிப் பிள்ளைகளுக்குச் சூடு போடுவாராம். இரண்டு கெண்டைக்காலிலும் ஒவ்வொன்று, வயிற்றில் ஒன்று. போட்டால் பிடித்தது விட்டுவிடுமாம். சீனியம்மாளுக்குத் தெரியும், பிள்ளையை ஒன்றும் பிடிக்கவில்லை. என்ன நடந்தது என்று பெரியவர்களில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் நிற்பதற்குள் வாயைத் திறந்து சொன்னால் பஸ்ஸுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மாசமாகத் திறக்காத வாய் ஒரு மணி நேரத்தில் திறக்குமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. குழாய் இன்னொரு முறை மூச்சு இழுத்தது. கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. ஆடி மாசத்திலிருந்து இந்தச் சத்தம் கேட்டாலே அப்படித்தான். அப்புறம் செம்மண் நிறத்தில் ஒரு கலங்கல் வந்து, பிறகு தெளிந்து, விரல் கனத்தில் விழ ஆரம்பித்தது. முதல் குடத்தைச் சரித்து வைத்தாள்.

முதல் குடம் நிறைய மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் கைக்கு வேலை இல்லை, நினைப்புக்குத்தான் வேலை. பிள்ளைக்கு இது எப்போது ஆரம்பித்தது? ஆடி கடைசியில் என்று கொம்பையா சொல்கிறான். ஆவணி பிறந்துதான் என்று மதினி பூரணம் சொல்கிறாள். அவர்களுக்கு எப்படித் தெரியும். முதலில் ஒரு தம்ளர். அடுப்படி வாசலில் விளிம்பு தட்டத் தட்டத் தண்ணீரை நிறைத்து வைத்திருந்தாள் கனி. யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டே கொம்பையா காலால் தட்டிவிட்டான். மறுநாள் இரண்டு. அப்புறம் டவரா, கிண்ணம், சாப்பாட்டுத் தூக்கின் மூடி, விளக்கெண்ணெய்க் கரண்டி, உடைந்த சோப்பு டப்பா, தம்பிக்குப் பால் புகட்டவென்று வாங்கி ஒரு வாரம் மட்டும் புழங்கிய சங்கு. ஏழு வயசுப் பிள்ளை கைக்கு என்னென்ன எட்டுமோ எல்லாவற்றிலும் தண்ணீர். கட்டிலுக்கு அடியில், ஜன்னல் கட்டையில், பீரோவுக்குப் பின்னால், அம்மா தலைமாட்டில். தலைமாட்டில்தான் அதிகம். வீட்டுக்குள் நடக்கிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். பத்து நாள் தண்ணீரை ஆறு நாளில் தீர்த்துவிட்டாள் என்று கொம்பையா ஒரு தடவை அடித்தான்; அடிக்கிறவன் இல்லை அவன், அடித்துவிட்டு அவனே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான். பிள்ளை அழவில்லை. அடி வாங்கும்போதுகூடத் தம்ளரைக் கீழே போடாமல், சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் மதினி முதன்முதலாகச் சொன்னாள்: "இது பிள்ள செய்யிற வேலை இல்லடா தம்பி."

குடம் நிறைந்துவிட்டது. தூக்கி மேலே வைத்தாள். அடுத்ததைச் சரித்தாள். மேலே கனி வந்து நிற்கிறாள். குழிக்குள்ளிருந்து பார்த்தால் பிள்ளையின் கால்தான் கண்ணுக்கு நேரே வருகிறது. குளிப்பாட்டி, போன பொங்கலுக்கு எடுத்த பாவாடை கட்டிவிட்டிருக்கிறாள் மதினி. பாவாடைக்குக் கீழே இரண்டு கெண்டைக்கால். கொசு கடித்த வடு ஒன்று, விழுந்து எழுந்த தழும்பு ஒன்று. சீனியம்மாள் குடத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிள்ளையின் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். "யம்மா, இத மொதல்ல" என்று ஒரு தம்ளர் கீழே நீண்டது. உதடு வெடித்துக் கிடக்கிறது பிள்ளைக்கு. இதுதான் யாருக்கும் விளங்காதது: வீடு முழுக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிறவள் ஒரு வாய் குடிக்க மாட்டேன் என்கிறாள். சோற்றோடு கொடுத்தால் இரண்டு மிடறு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிற பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வரும். ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது என்று பிள்ளை வகுப்பில் அழுததாக டீச்சர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள்; தர்மாஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். கொம்பையா அந்த டாக்டரிடமே சொன்னான்: "சார், எங்க வீட்ல தண்ணிக்கு மட்டும் கொறச்சல் இல்ல சார், நடக்க எடமில்ல." டாக்டர் சிரித்தார். சீனியம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்தோமே என்று இப்போது நினைத்துக்கொண்டாள். பிள்ளை அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா, நிஜமாகச் சிரிக்கிறாளா என்று சோதிக்கிற பார்வை. பெரியவர்கள் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

மதினி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். சித்திரையில் இரண்டாவது பிள்ளை, ஆண் பிள்ளை, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனபோது ராத்திரி பகலாகக் கூட இருந்து சோறு ஊட்டியவள் அவள்தான். மார்பில் பால் கட்டிக் கல்லாகக் கிடந்ததற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டவளும் அவள்தான். "அழுவாத சீனி, அழுதா அது போற வழிக்கு ஆகாது" என்றாள். சரி என்று அழவில்லை. சீனியம்மாள் எப்போதுமே சொன்னதைக் கேட்கிறவள். அழாமல் இருந்து இருந்து, வைகாசி போயிற்று, ஆனி வந்தது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாள். உப்புக்குப் பதில் சீனி போட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். அதே மதினி போன வாரம் வந்து, தம்ளர் வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சங்கு முன்னால் நின்றாள். அந்தச் சங்கில் நிறைந்திருந்த தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சு போச்சு. தம்பிப் பிள்ளதான் தண்ணி கேக்குது. தவிச்ச வாயோட போச்சுல்லா. அக்கா மேல வந்து எறங்கிக் கேக்குது" என்றாள். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் இரண்டு பேரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லை மதினி, அது ஒன்றும் கேட்கவில்லை, அது பாவம், அதற்கு வாய்கூட இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. செத்த பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டு, இருக்கிற பிள்ளையைச் சூட்டுக்கு அனுப்பப் போகிறாள், தான் தப்பித்துக்கொள்வதற்காக. இப்படி ஒரு தாய் உண்டா. மூன்றாவது குடம் நிறைந்து வழிந்து காலை நனைத்தது.

"ஏளா சீனி, வேகமா வருதா ஒனக்கு?" அடுத்த குழிக்குள்ளிருந்து இசக்கியக்கா குரல் கொடுத்தாள். "வருதுக்கா." "எனக்கு நூல் மாதிரி வருது. பெரிய வீட்டுக்காரன் மோட்டார் போட்டுட்டானா என்னமோ." இந்தக் குரல்தான். இதே குரல்தான் அன்றைக்கும். சீனியம்மாள் தொட்டிக்கு ஊற்றுகிற வாளியை எடுத்தாள். அன்றைக்கு என்று நினைத்தால் அந்த நாள் நேரே வராது, அதற்கு முன்னால் இன்னொரு நாள் வந்து நிற்கும். ஆனியில், தண்ணீர் வந்த ஒரு காலை, குடத்தையெல்லாம் எடுத்து வாசலில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். தெருவே ஆளுக்கு இருபது குடம் பிடித்தது, அவள் ஒரு குடம் பிடிக்கவில்லை. கொம்பையா மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து காலித் தொட்டியைப் பார்த்தான். கத்தவில்லை. தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரி, "நீ இருந்தென்ன, இல்லாட்டி என்ன" என்றான். அவ்வளவுதான். அப்புறம் சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு கிணறு தேடிப் போனான். எத்தனையோ புருஷன்மார் எத்தனையோ சொல்கிறார்கள். குடித்துவிட்டு வந்து தெருவில் இழுத்துப் போட்டு மிதிக்கிறார்கள். கொம்பையா பீடிகூடக் குடிக்க மாட்டான். அதனால்தான் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் இதற்கா என்பார்கள். அவளே அவளை அப்படித்தான் கேட்டாள். இதற்கா? இதற்கில்லை. பிறகு எதற்கு? அது அவளுக்கே இன்று வரை தெரியாது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அரிசி களைந்தால் உள்ளே ஓடியது. இருந்தென்ன, இல்லாட்டி என்ன. பிள்ளைக்குத் தலை பின்னினால் பின்னலோடு சேர்ந்து ஓடியது. பெரிய துக்கமாகக்கூட இல்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட வேண்டும் என்பது போலத்தான் இருந்தது.

ஆடி மாசத்து மத்தியானம். காற்றில் ஓடு தடதடத்துக்கொண்டிருந்தது. கனிக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை, முன்னறைப் பட்டாசாலையில் பாயில் தூங்கியது. தூங்கியது என்றுதான் நினைத்தாள். அடுப்படிக்குப் போனாள், ஸ்டவ்வுக்கு ஊற்றுகிற சீமெண்ணெய்க் கேனை எடுத்தாள், தலையில் சரித்தாள். குளிர்ந்தது. சீமெண்ணெய் அவ்வளவு குளிரும் என்று அவளுக்குத் தெரியாது. கண் எரிந்தது. சுவர்த் தட்டிலிருந்து தீப்பெட்டியைத் தடவி எடுத்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதை எடுத்தாள். அப்போதுதான் வாசலில் குழாய் இரைந்தது. ஒன்பது நாளாக எட்டிப் பார்க்காத தண்ணீர், வர வேண்டிய நாளும் இல்லை, வருகிற நேரமும் இல்லை, நட்டநடு மத்தியானத்தில் மூச்சு இழுத்தது. "ஏளா சீனி, தண்ணி! தண்ணி வந்துருச்சுளா!" இசக்கியக்கா. அடுத்து என்ன நடந்தது என்று நினைத்தால் சிரிப்புத்தான் வரும், வெளியே சொல்ல முடியாத சிரிப்பு. கால் தானாக ஓடியது. சாகப் போகிறவள், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆனியில் ஒரு முறை விட்டோமே, இந்த முறையும் விட்டால் என்ன சொல்வார்களோ என்று ஓடினாள். குழிக்குள் இறங்கிக் குடத்தைச் சரித்துவிட்டுத்தான் தன் சேலையைப் பார்த்தாள். காலடித் தண்ணீரில் ஏழு நிறமாக எண்ணெய் மிதந்தது. "என்னளா சீமெண்ணெ வாடை?" "கேன் சரிஞ்சிருச்சுக்கா." பதினெட்டுக் குடம் பிடித்தாள் அன்றைக்கு. பிடித்து முடித்து, அதில் இரண்டு குடத்தை எடுத்துப் புறவாசலில் உட்கார்ந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள். பதினோரு நாள் பிள்ளைக்கு அழாத அழுகையெல்லாம் அங்கே உட்கார்ந்து வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். அன்று முதல் அந்த நினைப்பு திரும்ப வரவில்லை. வரவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். கேன் இருக்கிற மூலைப் பக்கம் போகாமல் ஒதுங்கித்தான் நடக்கிறாள்.

ஆனால் தீப்பெட்டி. இங்கேதான் எப்போதும் இடறும். குளித்துவிட்டு அடுப்படியைக் கழுவ வந்தபோது கேன் கிடந்தது, ஒடிந்த குச்சி கிடந்தது. தீப்பெட்டியைக் காணவில்லை. கையிலிருந்து கீழே போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அடுப்புக்கு அடியில் பார்த்தாள், அம்மிக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் பட்டாசாலையில் கனி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. தூங்குகிற பிள்ளையின் கண் அப்படி மூடாது. இமை இரண்டும் சுருங்கும்படி இறுக்கி மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. நின்று பார்த்தாள். பிறகு, காய்ச்சல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படியைக் கழுவப் போனாள். அந்த இடத்திலிருந்து இந்த இரண்டு மாசமும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், காய்ச்சல்தான், சேட்டைதான், தம்பி ஏக்கம்தான் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஆவணியில் ஒரு நாள் வீட்டில் இருந்த தீப்பெட்டி அத்தனையும் வாளித் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கொம்பையா பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கி, "எதுக்குட்டி இப்படிச் செஞ்ச, சொல்லு!" என்று கேட்டான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. சீனியம்மாளைப் பார்த்தது. சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி பார்த்தது. சீனியம்மாள் போய் முறத்தை எடுத்துப் புடைத்தாள். அரிசியில் கல்லே இல்லை. இல்லாத கல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டது. அம்மா சொல்லாததைத் தானும் சொல்லக்கூடாது என்று அதுவாக முடிவு செய்துகொண்டது. ஏழு வயசுப் பிள்ளை தாய்க்காக ஒரு ரகசியத்தைச் சுமக்கிறது, அடி வாங்குகிறது, தாகத்தோடு கிடக்கிறது. இன்றைக்குச் சூடும் வாங்கப் போகிறது. தீயைக் கண்டு நடுங்கித் தண்ணீரைச் சேர்க்கிற பிள்ளைக்கு, தீயில் காய்ச்சிய மஞ்சளால் வைத்தியம்.

"நேரமாச்சு சீனி, ஏறி வந்து பிள்ளைக்கு ரெண்டு இட்லியக் குடு. வெறும் வயித்தோட போனா மயக்கம் போட்டுரும்" என்று மதினி உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள். "வலிக்கவே செய்யாதும்மா கனி, அத்தை கூடவே இருப்பேன்லா? சுரீர்னு ஒண்ணு, அவ்வளவுதான். எறும்பு கடிச்ச மாதிரி." கொம்பையா சட்டை மாட்டிக்கொண்டு வாசல் கதவில் சாய்ந்து நின்றான். அவனுக்கும் இஷ்டமில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. யாராவது வேண்டாம் என்று சொன்னால் உடனே சரி என்பான். யாராவது. சீனியம்மாள் வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். இப்போது சொல்லலாம். எப்படி ஆரம்பிப்பது. இந்தாங்க, ஒன்று சொல்ல வேண்டும் என்றா. என்னவென்று கேட்பான். சொன்னால் என்ன ஆகும். தெருவுக்குத் தெரியும். அவள் அம்மா வீட்டுக்குத் தெரியும். அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே ஒரு ஆள் வரும். பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தாளே என்று வாழ்நாள் முழுக்க ஒரு பார்வை. அதைவிட, எதற்கு என்று அவன் கேட்பான், அதற்கு அவளிடம் பதில் இல்லை. நீ சொன்ன சொல்லுக்கு என்றால் பாதிப் பொய். பிள்ளை போன துக்கத்துக்கு என்றாலும் பாதிப் பொய். தண்ணீர் இளைத்துவிட்டது. ஏழு இருபது இருக்கும். மேலே கனி ஒவ்வொரு தம்ளராகக் கீழே நீட்டுகிறது. பழசைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுகிறது. பத்து நாளுக்கு ஒரு முறை இது ஒரு சடங்கு. கிண்ணம் வந்தது, சங்கு வந்தது. நிறைத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, பிள்ளை பாவாடை மறைவிலிருந்து தன் எவர்சில்வர் டப்பாவை எடுத்தது. பலகாரம் கொடுத்துவிடுகிற சின்ன டப்பா. எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறாள். "இதுலயும் மாத்தணும்மா. இதுதான் ரொம்ப நாளாச்சு." குரல் தாழ்ந்திருந்தது. குழிக்குள் அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரல்.

மூடி இறுகியிருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தாள். தண்ணீர் சிவப்பேறி, ஒரு மாதிரி வாடை அடித்தது. அதற்குள் ஒரு தீப்பெட்டி ஊறி உப்பிக் கிடந்தது. மேலே ஒட்டிய படம் கரைந்து போய்விட்டது. குச்சிகள் மருந்து கழன்று மொட்டையாக மிதந்தன. நன்றாக ஊறிய குச்சி இனி எதற்கும் ஆகாது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. இரண்டு மாசமாகத் தண்ணீரில் முக்கி, மூடி போட்டுக் காவல் காத்திருக்கிறது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியதும் பாயிலிருந்து எழுந்து, காய்ச்சலோடு, அந்தச் சீமெண்ணெய்த் தரையில் காலை வைத்து நடந்து போய் அதை எடுத்திருக்கிறது. எடுத்துவிட்டுத் திரும்பப் படுத்து, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறது. பிள்ளை அந்தப் பாதத்தைக் கழுவியதா? யார் கழுவிவிட்டார்கள்? நிமிர்ந்து பார்த்தாள். கனி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. திட்டுவாளோ என்ற பயம் அதில் இல்லை. பார்த்துவிட்டாயா, இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. காட்டிக் கொடுக்காமல், அதே சமயம் சொல்லியும் விட்டது பிள்ளை. இதற்கு மேல் அதனிடம் ஒரு வழியும் இல்லை. குழாய் கடைசியாக இரண்டு சொட்டு விட்டு மறுபடி காற்றை இழுத்தது. இழுத்து, நின்றது.

சீனியம்மாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே மேலே ஏறினாள். கொம்பையா கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். "பஸ்ஸுக்குப் போகாண்டாம்" என்றாள். "ஏன், என்னாச்சு?" என்று மதினி மஞ்சப்பையோடு வெளியே வந்தாள். சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "ஆடியில நட்டநடு மத்தியானம் தண்ணி வந்துச்சுல்லா, அன்னைக்கு நான் சீமெண்ணெய எடுத்து மேல ஊத்திக்கிட்டேன். குச்சி கையில இருந்துச்சு. தண்ணி வந்துருச்சுன்னு சொன்னாக, ஓடிட்டேன். இவ பாத்துட்டா. எல்லாத்தையும் பாத்துட்டா. அதான் புடிச்சு புடிச்சு வைக்கா, நான் மறுபடி ஊத்திக்கிட்டா அணைக்கணும்னு வைக்கா. தம்பிப் பிள்ள ஒண்ணும் கேக்கல மதினி. அது மேல பழி போடாதிய." மதினி வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொம்பையா டப்பாவை வாங்கிப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எதுக்குளா?" என்றான். அவள் பயந்த கேள்விதான். "தெரியலியே" என்றாள். "நெசமாவே தெரியல." அந்த ஆனி மாசத்துச் சொல் அவனுக்கு ஞாபகம் வந்ததோ வரவில்லையோ, காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடினான். தோள் குலுங்கியது. அடுத்த குழியில் இசக்கியக்காவின் தலை அசையாமல் நின்றது. கேட்டுவிட்டாள், இன்னும் அரை மணியில் தெருவுக்கே தெரியும். தெரியட்டும். சீனியம்மாள் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கனி, இங்க பாரு. இனிமே அம்மாவுக்கு அப்படித் தோணுச்சுன்னா அப்பாட்ட சொல்லிருதேன். இசக்கி அத்தைட்ட ஓடிப்போய்ச் சொல்லிருதேன். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்ட்டயும் சொல்லுதேன். பெரிய ஆளுக நாங்க பாத்துக்கிடுதோம். நீ காக்காண்டாம். கேட்டியா? நீ காத்தது போதும்." பிள்ளை அம்மாவின் தலைமுடியில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தது. இரண்டு பக்கமும் முகர்ந்தது. அப்புறம் அப்பாவைப் பார்த்தது, எழுந்துபோய்ச் சீமெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு இசக்கியக்கா வீட்டுப் பக்கம் போகிற மதினியைப் பார்த்தது. வாசலில் வரிசையாகப் புதுத் தண்ணீரோடு நின்ற தம்ளர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. எதை எடுப்பது என்று யோசித்தது. ஓரத்தில் இருந்ததை இரண்டு கையாலும் எடுத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைத்தது. மிடறு மிடறாக இறங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வெறும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. பாவாடையெல்லாம் நனைய நனைய, மூன்றாவதையும் எடுத்துக் குடித்தது.